விற்பனைத் தரகும் கட்டண மாற்றமும்

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரர் வித்து, பசளை, உழவு, கூலி ஆகியவற்றிற்கு ஏற்படுஞ் செலவைச் சதக்கணக்கில் அறிந்துள்ளனர். விளைந்த பொருளை விற்கும்போது ஏற்படுஞ் செலவை அவ்வாறு கணக்கிடுவோர் சிலரே. விற்ற விலையில் ஏதோ தரகாகப் போயிற்று என்ற அளவில் அது விடப்படுகின்றது. ஒரே சந்தையில், அறிமுகமான வியாபாரியிடம் விற்பவருக்கு இதனால் உண்டாகும் நட்டம் சிறிதாயிருக்கலாம். ஆயின் இக்காலத்தில் கந்தளாய், மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி முதலிய பகுதிகளிலுள்ள குடும்பங்களும் அரிசிமா, குத்தரிசி, மிளகாய்த்தூள், முருங்கையிலைத் தூள், வற்றல் ஆகியவற்றைக் கைத்தொலைபேசி வாயிலாக இணையச் சந்தைகளில் விற்க முற்படலாம். அச்சந்தைகளின் கட்டணம் ஓர் அறிவித்தலினால் மாற்றப்படக் கூடியது. அறிவித்தல் வந்த நாளில் அதன் பயனைக் கணக்கிட்டு அறியாதவர், சில மாதங்கள் நட்டத்திற்கு விற்ற பின்னரே அதனை உணர்கின்றார்.

இணையச் சந்தையென்பது பொருளை வாங்கி விற்கும் கடையன்று. விற்பவரையும் வாங்குபவரையும் கூட்டுவிக்கும் இடமாகும். அதன் வருவாய் விற்பவர் செலுத்துங் கட்டணமே. அக்கட்டணம் ஒன்றாகத் தோன்றினும் உள்ளே பல கூறுகளையுடையது. விற்ற விலையில் நூற்றுக்கு இவ்வளவு எனக் கழிக்கப்படுவது தரகு. பணத்தைப் பெற்று அனுப்புவதற்குக் கழிக்கப்படுவது வேறு. பொதியை எடுத்துச் செல்லுங் கூலி வேறு. பொருளைப் பட்டியலில் இடுவதற்கு ஒரு தொகையும், முன்வரிசையிற் காட்டுவதற்கு மற்றொரு தொகையும் வாங்குஞ் சந்தைகளும் உள. இவற்றுள் தரகும் பட்டியற் கட்டணமும் சந்தையின் விருப்பப்படி மாறுவன. தரகின்மேல் விதிக்கப்படும் பெறுமதி சேர் வரியோ அரசினரால் மாற்றப்படுவது. இலங்கையில் இவ்வரி 2022 யூன் முதலாந் திகதி 8 வீதத்திலிருந்து 12 வீதமாகவும், அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாந் திகதி 15 வீதமாகவும், 2024 சனவரி முதலாந் திகதி 18 வீதமாகவும் உயர்ந்தது. தரகு 60 ரூபாவாயின், 2022 இன் தொடக்கத்தில் அதன்மேல் 4 ரூபா 80 சதமாயிருந்த வரி, 2024 இல் 10 ரூபா 80 சதமாயிற்று. சந்தை தன் தரகை ஒரு சதமேனும் கூட்டாதபோதும் விற்பவரின் செலவு கூடிய விதம் இதுவாகும்.

ஒரு பொதி மாவின் கணக்கு

கட்டண உயர்வைப் பற்றி எழும் பெருந்தவறு, அதனை விற்பனை விலையோடு ஒப்பிட்டுச் சிறிதெனக் கருதுவதே. தரகு விலையின்மீது கணக்கிடப்படுகின்றது. ஆனால் அது கழிக்கப்படுவது இலாபத்திலிருந்தாகும். ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். இங்குத் தரப்படுந் தொகைகள் கணக்கின் பொருட்டு எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஒவ்வொருவரும் தத்தம் தொகைகளை அவற்றின் இடத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

வறுத்த சிவப்பரிசி மா ஒரு கிலோகிராம் பொதி 600 ரூபாவுக்கு விற்கப்படுகின்றது எனக் கொள்வோம். ஏற்றுக்கூலியை வாங்குபவரே தனியாகச் செலுத்துகின்றார். அரிசி, அரைப்புக் கூலி, விறகு ஆகியவற்றிற்கு 340 ரூபா. பையும் முகப்புச் சீட்டும் 40 ரூபா. வீட்டார் உழைப்பிற்கு 80 ரூபா. ஆக உற்பத்திச் செலவு 460 ரூபா. வீட்டார் உழைப்பைச் செலவிற் சேர்க்காது விடுதல் நம்மவர் வழக்கம். அவ்வாறு விடின், உழைப்பின் கூலியையே இலாபமென மயங்க நேரும்.

சந்தையின் தரகு 10 வீதமாயின் 60 ரூபா. அதன்மேல் வரி 10 ரூபா 80 சதம். பணம் அனுப்பும் கட்டணம் 2 வீதமாக 12 ரூபா. கழிவது 82 ரூபா 80 சதம். 600 ரூபாவிலிருந்து உற்பத்திச் செலவையும் இதனையும் நீக்க எஞ்சுவது 57 ரூபா 20 சதம்.

இப்பொழுது தரகு 13 வீதமாக உயர்த்தப்படுகின்றது. மூன்று வீதந்தானே என்று தோன்றும். தரகு 78 ரூபாவாகின்றது. வரி 14 ரூபா 4 சதமாகின்றது. மற்றைய 12 ரூபா மாறவில்லை. கழிவது 104 ரூபா 4 சதம். எஞ்சுவது 35 ரூபா 96 சதம். இலாபத்தில் 21 ரூபா 24 சதம் குறைந்துள்ளது. அஃதாவது, விலையில் மூன்று வீதமாக வந்த உயர்வு இலாபத்தில் நூற்றுக்கு 37 வீதத்தைக் கொண்டுபோயிற்று. இலாபம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவிற்கு இவ்வெட்டு ஆழமாகும். பெரிய வியாபாரி அரிசியைத் தொன் கணக்கில் வாங்கி அரைப்பதால் அவருடைய உற்பத்திச் செலவு குறைவு. அதே மூன்று வீதம் அவரை அத்துணை வருத்துவதில்லை.

இழந்த இலாபத்தை மீட்க விலையை எவ்வளவு கூட்டுதல் வேண்டும்? 600 ரூபாவுக்கு மூன்று வீதம் 18 ரூபா. ஆகவே 618 ரூபாவுக்கு விற்றாற் போதும் என்று பலர் கருதுவர். அது போதாது. கூட்டிய விலையின்மீதும் தரகும் வரியும் ஏறும். 618 ரூபாவுக்கு விற்றால் எஞ்சுவது 50 ரூபா 84 சதமே. சரியான முறை கூட்டலன்று, வகுத்தலாகும். உற்பத்திச் செலவும் வேண்டிய இலாபமும் சேர்ந்து 517 ரூபா 20 சதம். தரகும் வரியும் பணக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு 17.34. விற்பவர் கையில் நூற்றுக்கு 82.66 எஞ்சுகின்றது. 517.20 ஐ 82.66 ஆல் வகுத்து நூறாற் பெருக்க 625 ரூபா 70 சதம் வரும். எனவே 626 ரூபாவே உரிய விலை. அவ்விலையில் வாங்குவோர் குறைவரெனின், எத்தனை பொதி குறையும் என்பதையும் எண்ணிய பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

திரும்பி வரும் பொதியைப் பற்றியுங் கூறுதல் அவசியம். தரகு உயர்ந்த பின்னர்ப் பத்துப் பொதிகள் விற்கப்பட்டு, அவற்றுள் ஒன்று ஈரம் பட்டுத் திரும்பியது எனின், ஒன்பது பொதிகளின் இலாபம் 323 ரூபா 64 சதம்; கெட்ட பொதிக்குச் சென்ற செலவு 460 ரூபா. தரகு திருப்பித் தரப்பட்டாலும் பத்துப் பொதி விற்றவர் 136 ரூபா 36 சதம் நட்டமடைகின்றார். மார்கழி மழையில் மாவை மெல்லிய பையிலிட்டு அனுப்புவோர் இதனை நினைத்தல் நன்று.

பிறநாடுகளில் நிகழ்ந்தவை

கைவினைப் பொருள்களுக்கெனப் பெயர்பெற்ற எட்சி என்னும் அமெரிக்க இணையச் சந்தை 2005 இல் தொடங்கப்பெற்றது. அது தன் தரகை 2018 யூலையில் 3.5 வீதத்திலிருந்து 5 வீதமாக உயர்த்தியதோடு, வாங்குபவரிடம் பெறும் அனுப்புக் கூலியின்மீதும் அத்தரகை விதித்தது. 2022 ஏப்பிரல் 11 ஆந் திகதி தரகு 6.5 வீதமாயிற்று. அன்று தொடங்கி ஒரு வார காலம் விற்பவர்களுட் பலர் தம் கடைகளை மூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். உயர்வு திரும்பப் பெறப்படவில்லை. நான்கு ஆண்டுக்குள் 3.5 வீதம் 6.5 வீதமானமை, சந்தையில் வேரூன்றிய பின்னர் விற்பவர் வேறிடஞ் செல்லல் எளிதன்று என்பதைக் காட்டுகின்றது.

இந்தியாவில் இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. அங்குப் போட்டி மிகுந்தமையால், 2021 இல் மீசோ என்னும் சந்தை விற்பவரிடந் தரகு வாங்குவதை நிறுத்தியது. 2025 ஏப்பிரல் 7 ஆந் திகதி முதல் அமேசன் 300 இந்திய ரூபாவுக்குக் குறைந்த விலையுடைய ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட பொருள்களுக்குத் தரகை நீக்கியது. சிறு விலைப் பொருளை விற்பவர் சிறியவரே ஆதலின் இது அவர்களுக்கு ஆறுதலாயிற்று. எனினும் தரகு நீங்கிய இடத்தும் அனுப்புக் கூலி முதலியன நீங்குவதில்லை. தரகு இல்லை என்ற அறிவித்தலைக் கண்டவுடன் மகிழாது மற்றைய கூறுகளையும் படித்தல் வேண்டும்.

மரக்கறிக்கும் நெல்லுக்கும்

கத்தரி, வெண்டி, தக்காளி, பயிற்றங்காய் முதலிய பச்சை மரக்கறிகளைப் பொதிகட்டித் தொலைவிடங்களுக்கு அனுப்பல் இயலாது. 1999 இல் திறக்கப்பட்ட தம்புள்ளை விசேட பொருளாதார நிலையம் போன்ற மொத்தச் சந்தைகளே அவற்றின் பெருவழி. ஆங்கும் இக்கணக்கே செல்லும், ஒரு வேறுபாடுண்டு. கத்தரிக்காய் 400 கிலோகிராம், கிலோ 150 ரூபாவாக விற்கப்பட்டால் 60,000 ரூபா. தரகு 10 வீதமெனின் 6,000, ஏற்றுக்கூலி 4,000, பறிகூலி 6,000, எஞ்சுவது 44,000 ரூபா. விலை 50 ரூபாவாக வீழ்ந்தால் மொத்தம் 20,000. தரகு 2,000 ஆகக் குறையும். ஏற்றுக்கூலியும் பறிகூலியும் குறையா. எஞ்சுவது 8,000. விலை மூன்றிலொன்றாயிற்று, கைக்கு வந்ததோ ஐந்திலொன்றுக்குங் கீழாயிற்று. ஆகவே விலை வீழ்ந்த காலத்தில் வருத்துவது தரகன்று, மாறாத கூலியே. 2022 இன் தொடக்கத்தில் இலீற்றர் 121 ரூபாவாயிருந்த ஒட்டோ டீசல் அவ்வாண்டு யூன் இறுதியில் 460 ரூபாவான காலத்தைக் கமக்காரர் மறந்திரார்.

பாலங்களைப் பற்றியும் இவ்விடத்திற் கூறலாம். 2009 ஒக்ரோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அப்பகுதி மரக்கறி, பாதை எனப்படும் மிதவைக்குக் காத்துக் கிடந்தே நகர்ச் சந்தையை அடைந்தது. காத்திருப்பில் வாடியதும் ஒரு கட்டணமே. எந்தச் சிட்டையிலும் அது எழுதப்படவில்லை.

நெல்லில் மறைந்துள்ள கட்டணம் ஈரப்பதக் கழிவாகும். 2025 பெப்ரவரியில் அரசினர் கிலோவுக்கு நாட்டரிசி நெல்லுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125 ரூபா, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபா என உத்தரவாத விலை அறிவித்தனர். ஈரப்பதம் 14 வீதமான நெல்லே அடிப்படையாகும். 18 வீத ஈரமுள்ள 100 கிலோகிராம் நெல்லில் உலர்ந்த பொருள் 82 கிலோகிராம். அது 14 வீத ஈரத்திற்கு உலர்ந்தபின் 95.35 கிலோகிராமாக நிற்கும். எனவே ஈரத்தின் பொருட்டு நூறு கிலோவுக்கு நாலே முக்கால் கிலோவுக்கு மேற் கழிக்கும் வியாபாரி, உலர்த்துங் கூலியென்றோ வேறு பெயராலோ அதற்குக் காரணங் கூறக் கடமைப்பட்டவராவர். காரணங் கேட்பதிற் குற்றமில்லை.

கடைப்பிடிக்கத் தக்கவை

இணையச் சந்தைகளின் உடன்படிக்கைகளிற் பெரும்பாலானவை, அறிவித்தல் தந்து கட்டணத்தை மாற்றும் உரிமையைச் சந்தைக்கே அளிக்கின்றன. அறிவித்த திகதிக்குப் பின்னும் விற்றல் சம்மதமெனக் கொள்ளப்படும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, ஓர் உடன்படிக்கை மின்வடிவில் உள்ளதென்ற ஒரே காரணத்தால் அதன் வலு மறுக்கப்படுவதில்லை. ஆங்கிலத்தில் வந்தமையாற் படிக்கவில்லை என்பது செல்லாது. வீட்டிற் கற்கும் பிள்ளைகளைக் கொண்டாயினும் அறிவித்தலைப் படிப்பித்து, பழைய வீதம், புதிய வீதம், நடைமுறைக்கு வருந் திகதி ஆகிய மூன்றையும் கொப்பியில் எழுதிவைத்தல் வேண்டும்.

பட்டியலிடும் தொகை, பொதிக்கூலி போன்ற மாறாத கட்டணங்கள் சிறு பொதியையே அதிகம் தாக்கும். ஒரு பொதிக்கு 50 ரூபா எனின், 300 ரூபாப் பொதியில் அது ஆறிலொரு பங்கு. 1,200 ரூபாப் பொதியில் இருபத்துநாலிலொரு பங்கு. அரைக்கிலோப் பொதிகளை விடுத்து இரண்டு கிலோப் பொதிகளாகக் கட்டுதல், அல்லது மாவையும் மிளகாய்த்தூளையும் ஒரே பொதியிற் சேர்த்தல் இதற்குப் பரிகாரம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த கமக்காரர் அமைப்புகள், பத்துக் குடும்பங்களின் பொருளை ஒரே பெயரில் விற்று, பைகளை மொத்தமாக வாங்கலாம். ஒரே பெயரில் விற்கும்போது ஒருவர் மா பழுதாயின் பத்துப் பேரின் பெயருங் கெடும். ஆதலால் அனுப்புமுன் பொதிகளைச் சோதிக்க ஒருவரை நியமித்தல் இன்றியமையாதது.

எல்லாப் பொருளையும் ஒரே சந்தையில் ஒப்படைத்தலுந் தகாது. மே முதற் செப்ரெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு உல்லாசப் பயணிகள் மிகுதியாக வருகின்றனர். சிறுபோக மரக்கறி கிடைக்குங் காலமும் அதுவே. விடுதிச் சமையலறைக்கு வாரம் இருமுறை நேரே கொடுக்கப்படுங் கத்தரிக்குத் தரகு இல்லை. பணம் மாத முடிவிற் கிடைப்பினும் அது தம்புள்ளைக்குச் சென்றதை விடக் கூடுதலாக எஞ்சலாம். அதற்கும் மேற்கூறிய கணக்கைப் போட்டே துணிதல் வேண்டும். மொத்தச் சந்தை விலைகளை ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் வெளியிட்டு வருகின்றது. பயிர்ச்செய்கை பற்றிய ஐயங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம்.