உயர்த்திய ஜீப் ஏன் இப்படிக் குலுக்குது?



நம்ம ஊரில் நிறைய வீடுகளில் அம்மாவோ அக்காவோ போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். எங்க அப்பா ஜீப் ஓட்டுகிறார். எங்க அம்மாவும் அதில்தான் போவாங்க. தார் ரோடு முடிந்து தோட்டத்துப் பாதையில் இறங்கினால் பாறையும் பள்ளமும்தான். அடியில் பாறை இடிக்குது என்று போன வருஷம் அப்பா ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்தினார்.

பாறை இடிப்பது நின்றது. ஆனால் குலுக்கல் ஆரம்பித்தது. பின்சீட்டில் வருகிற ஒரு பாட்டி, "ஒன் வண்டியில வந்தா எலும்ப எண்ணிரலாம்ப்பா" என்று சொல்லிவிட்டு வேறு ஜீப்புக்கு மாறிவிட்டார். அவரோடு இன்னும் மூன்று பேர் போய்விட்டார்கள். அம்மாவுக்குத் தினமும் ராத்திரி இடுப்பில் தைலம் தேய்ப்பது என் வேலை. தேய்க்கும்போதுதான் யோசித்தேன், உயர்த்தினால் ஏன் குலுக்கணும்?

ஸ்பிரிங் செய்யும் வேலை

ஜீப்பின் அடியில் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதுதான் ஸ்பிரிங் பட்டை. சக்கரம் கல்லின் மேல் ஏறும்போது பட்டை வளைந்து கொடுக்கும். சக்கரம் மட்டும் மேலே போகும், வண்டி அவ்வளவாக எழும்பாது. பட்டை வளையவில்லை என்றால் சக்கரத்தோடு வண்டியும், வண்டியோடு நம் இடுப்பும் சேர்ந்து எழும்பும்.

எடை எவ்வளவு மடங்கு கூடுகிறதோ, ஸ்பிரிங்கும் அவ்வளவு மடங்கு வளையும் என்று 1678-இல் எழுதியவர் ராபர்ட் ஹூக். 1665-இல் தக்கையில் செல்லைப் பார்த்தவர் என்று உயிரியலில் படித்தோமே, அதே ஹூக்தான்!

செய்து பாருங்கள்

ஒரே மாதிரி மர ஸ்கேல் நான்கு எடுங்கள். இரண்டை மட்டும் பசை போட்டு ஒட்டி ஒரு ராத்திரி காய விடுங்கள். ஒட்டாத ஒரு ஸ்கேலை மேசை விளிம்பில் 25 செ.மீ. வெளியே நீட்டி அழுத்திப் பிடித்து, நுனியில் அரைக் கிலோ உப்புப் பையைத் தொங்கவிடுங்கள். நான் செய்தபோது கிடைத்தது:

ஒரு ஸ்கேல் – 4 செ.மீ. தாழ்ந்தது.
ஒட்டாமல் அடுக்கிய இரண்டு – 2 செ.மீ.
ஒட்டிய இரண்டு – கிட்டத்தட்ட அரை செ.மீ. தான்!

ஒட்டாமல் அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. ஒட்டினால் அது ஒரே தடித்த ஸ்கேல் ஆகிவிடுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு 2 × 2 × 2 = 8 மடங்கு. பரீட்சைக்கு வராவிட்டாலும் இதை மறக்காதீர்கள். எங்க ஜீப்பின் வியாதி இதுதான்.

பட்டறையில் பார்த்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பட்டறைக்குப் போனேன். என் ஸ்கேல் கணக்கைச் சொன்னதும் மெக்கானிக் மாமா சிரித்தார். "பாப்பா சொல்றது சரிதாண்ணே. ஒசரம் வேற, விறைப்பு வேற. நீங்க ஒசரம் கேட்டீங்க, அவங்க விறைப்பக் கட்டி விட்டுட்டாங்க" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

1. டயர் காற்று: செலவில்லாத வேலை என்பதால் முதலில் இது. 45 பவுண்டு இருந்தது. டயரும் ஒரு ஸ்பிரிங்தான், அதிகக் காற்று அடித்தால் கல் மாதிரி ஆகிவிடும். வண்டிப் புத்தகத்தில் போட்ட அளவுக்குக் குறைத்தோம். அதற்கும் கீழே குறைத்து ரோட்டில் ஓடினால் டயர் சூடாகிக் கெட்டுவிடும்.

2. கூடுதல் பட்டை: ஏழு பட்டையோடு இரண்டு பழைய லாரிப் பட்டையைச் சேர்த்துத்தான் போன வருஷம் உயர்த்தியிருந்தார்கள். அந்த இரண்டும் தடித்தவை. கழற்றிவிட்டு, பழைய ஏழையே அழுத்தி வளைவு கூட்டினார் மாமா. வளைவு கூடினால் உயரம் கிடைக்கும், தடிமன் கூடாததால் விறைப்பு பெரிதாக ஏறாது. நெருப்பில் சுட்டு வளைத்தால் எஃகின் உறுதி போய்விடுமாம்.

3. துரு: பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். துருப்பிடித்தால் என் ஒட்டிய ஸ்கேல் மாதிரிதான். தேய்த்துச் சுத்தம் செய்து கிரீஸ் பூசினோம்.

4. ஷேக்கிள்: பட்டை வளைந்து நிமிரும்போது நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கிற ஆடும் துண்டுதான் ஷேக்கிள். அதன் ரப்பர் புஷ் நசுங்கி இறுகியிருந்தது. புதிது போட்டோம்.

5. ஷாக் அப்சார்பர்: அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங்தான். ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. உள்ளே எண்ணெய் சின்ன ஓட்டை வழியாகப் புகுந்து போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. எங்க ஜீப்பை உயர்த்தினார்கள், ஆனால் இது பழைய நீளத்திலேயே இருந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் முழுதும் நீண்டு "டக்" என்று இழுத்துப் பிடித்தது. நீளமானது மாற்றினோம்.

6. ரப்பர் முட்டு: பட்டை கடைசிவரை வளைந்தால் இரும்பும் இரும்பும் இடிக்காமல் தடுப்பது. ஒரு பக்கம் இல்லவே இல்லை!

கவனம்!

உயர்த்திய வண்டி திருப்பத்தில் சீக்கிரம் சாயும், ஏனென்றால் ஈர்ப்பு மையம் மேலே போகிறது. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பிரேக் ஓஸ் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். யூ போல்ட்டைச் சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி முறுக்க வேண்டும். வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988 இடம் தருவதில்லை, எனவே முன்னாடியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் மாமா சொன்னார். "பட்டை ஏன் தாழ்ந்துச்சு? ஆளக் கூட ஏத்துனதாலதான?" விறைப்பான பட்டையைக் கட்டச் சொன்னதும் அதற்காகத்தான். அப்பா இப்போது ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய ஆளுக்கு மேல் ஏற்றுவதில்லை. வருமானம் குறைந்துதான் இருக்கிறது. அம்மா, "இடுப்பு இருந்தாத்தான வேலைக்குப் போக முடியும்" என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது எங்க ஜீப் கார் மாதிரி ஆகிவிடவில்லை. ஆனால் தைலம் வாரத்துக்கு ஒருநாள்தான். பாட்டி இன்னும் திரும்பி வரவில்லை. வந்தால் பின்சீட்டில் உட்கார வைக்க மாட்டோம். பின் அச்சுக்கு மேலேதான் அடி அதிகம், அதனால் முன்சீட்டு அவருக்கு என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

தோழிகளே, உங்க வீட்டில் யாராவது ஜீப்பை உயர்த்தப் போனால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "உயரம் மட்டும் கூடுதா, விறைப்பும் கூடுதா?"



– ஒன்பதாம் வகுப்பு மாணவி