கோட்டில் விளையும் நகை

நுழையும்முன்
நாளிதழின் ஒரு மூலையில் உள்ளங்கை அளவே இடம். அதற்குள் ஒரு காட்சி, ஒன்றிரண்டு மாந்தர், சில வேளைகளில் ஒரே ஒரு வரி. பக்கம் பக்கமாக எழுதி விளக்க வேண்டிய செய்தியைப் படிப்பவர் ஒரு நொடியில் உணர்ந்து சிரிக்கிறார், சிரித்தபின் சிந்திக்கிறார். அந்த ஒரு நொடிக்குப் பின்னால் ஓவியர் எடுக்கும் முடிவுகள் பல. அவற்றை விளக்குகிறது இப்பாடம்.

நகையும் அங்கதமும்
எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்தவர் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் என்பது அவர் கருத்து. செய்யுளியலில் அவர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறார். குறையை வெளிப்படையாகச் சொல்வது முன்னது. மறைத்துச் சுட்டுவது பின்னது. சொல்லுக்கு வகுக்கப்பட்ட இப்பாகுபாடு கோட்டுக்கும் பொருந்துகிறது.

தமிழ் இதழ்களில் கருத்துப்படம்
தமிழ் இதழியலில் கருத்துப்படத்தை அறிமுகப்படுத்தியவர் பாரதியார். 1906இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘இந்தியா’ வார இதழ் அரசியல் கருத்துப்படங்களை விளக்கக் குறிப்புகளுடன் வெளியிட்டது. படத்தைப் ‘படிக்கும்’ பழக்கம் புதிது என்பதால் அவ்விளக்கம் அன்று தேவைப்பட்டது. கருத்துப்படங்களுக்கென்றே ‘சித்திராவளி’ என்னும் இதழை நடத்தவும் பாரதியார் விரும்பினார், அம்முயற்சி கைகூடவில்லை.

பின்னர் ஆனந்த விகடனில் மாலியும் அவரைத் தொடர்ந்து கோபுலுவும் நகைச்சுவைப் படங்களைத் தனிக்கலையாக வளர்த்தனர். தஞ்சையில் பிறந்த கோபுலு, சொல்லே இல்லாத நகைச்சுவைப் படங்களையும் வரைந்தார். ஆங்கில நாளிதழில் 1951 முதல் ஆர்.கே. லட்சுமண் வரைந்த ‘பொதுமனிதர்’ வாய் திறப்பதில்லை. அவருடைய மௌனமே விமரிசனமாயிற்று.

தெரியுமா?
‘கார்ட்டூன்’ என்னும் சொல் தடித்த தாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பெரிய ஓவியங்களுக்கான முன்வரைவையே அது முதலில் குறித்தது. 1843இல் இலண்டனின் ‘பஞ்ச்’ இதழ் கேலிப்படத்துக்கு அப்பெயரை வழங்கிய பின்னரே இன்றைய பொருள் நிலைபெற்றது.

எண்ணூர்க் கரையில் ஒரு படம்
2017 சனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் கசிந்த எண்ணெய், எர்ணாவூர் உள்ளிட்ட கரைகளில் கருங்குழம்பாக ஒதுங்கியது. பணியாளரும் தன்னார்வலரும் பாறைகளின்மேல் நின்று அதை வாளிகளால் அள்ளினர். இக்காட்சியை ஓவியர் ஒருவர் கருத்துப்படமாக்க முற்படுகிறார் எனக் கொள்க.

அவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதாகும். எண்ணெய் அப்பிய முகத்தையும் வழுக்கி விழும் கால்களையும் மிகைப்படுத்தினால், உதவ வந்தவர்மீதே சிரிப்பு விழும். மாறாக, கப்பலை மலைபோல் உயர்த்தி, அதன் அடியில் வாளி ஏந்திய மனிதரை விரலளவாக வரைந்தால் சிரிப்பின் திசை மாறுகிறது. நிகழ்ச்சியும் ஒன்றே, வாளியும் ஒன்றே. மாறியது அளவு மட்டுமே. கருத்துப்படத்தில் மிகை ஒரு தீர்ப்பாகவே அமைந்துவிடுகிறது.

இரண்டாவது முடிவு, எதை விடுப்பது என்பது. எண்ணூரின் புகைபோக்கிகள், சரக்குப்பெட்டக லாரிகள், பாரந்தூக்கிகள் அனைத்தையும் வரைந்தால் கண் அலையும். கப்பல், பாறை, வாளி ஆகிய மூன்றே போதும். கரையில் கவிழ்த்து வைத்த ஒரு படகையும் உலராத வலையையும் சேர்த்தால், மீனவரின் தொழில் நின்றுபோனதை எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது முடிவு சொல். ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்று எழுதினால் படம் விளம்பரப் பலகையாகிவிடும். பாறைமேல் நிற்பவர் கப்பல் தளத்தில் நிற்கும் அதிகாரியை நோக்கி வாளியை உயர்த்தி, “சார், இந்தாங்க உங்க எண்ண. எங்க ஊத்தட்டும்?” என்று கேட்கட்டும். பணிவான சொல்லுக்குள் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. இதுவே பழிகரப்பு.

இங்கே வேறொரு கவனமும் தேவை. திரைப்படங்களில் வடசென்னைப் பேச்சுவழக்கு பெரும்பாலும் சிரிப்பூட்டவே பயன்பட்டு வந்துள்ளது. பேசும் முறையே நகைப்புக்குரியதாக வரையப்பட்டால், ஒரு பகுதி மக்களின் நாவையே இழிவுபடுத்தியதாகும். அதே பேச்சில் கூர்மையான கேள்வி வெளிப்பட்டால், பேசியவர் நகைக்கப்படுபவராக இல்லாமல் நகைப்பவராக நிமிர்கிறார்.

வலியவரின் பிழையைச் சுட்டும் துணிவும் எளியவரைப் புண்படுத்தாத பரிவும் ஒரே கோட்டில் அமைய வேண்டியிருக்கிறது. ஆகவே, படிப்பவர் ஒரு நொடியில் கடந்துவிடும் படத்துக்கு முன்னால் ஓவியர் நெடுநேரம் அமர்ந்திருக்கிறார். வரைவதற்காக மட்டுமன்று, அழிப்பதற்காகவும்.

கற்பவை கற்றபின்
1. நாளிதழில் வெளிவந்த கருத்துப்படம் ஒன்றைத் தெரிவுசெய்து, அதில் மிகைப்படுத்தப்பட்டதையும் விடுபட்டதையும் பட்டியலிடுக.
2. உங்கள் தெருவின் குறை ஒன்றைச் சொல்லின்றிக் கருத்துப்படமாக வரைக.
3. ‘நகைச்சுவைக்கு எல்லை உண்டா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.