அலகில் என்ன இருக்கிறது?

வீட்டில் குருவி கூடு கட்டிவிட்டது என்றதும் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை, எட்டிப் பார்ப்பது. முட்டை இட்டாச்சா, எத்தனை, என்ன நிறம்? ஸ்டூல் போட்டு ஏறி, கூட்டுக்கு மேலே செல்போனை நீட்டிப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் மனசு ஆறும். எங்கள் வீட்டில் அதற்குத் தடை.

திருச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு செம்பருத்தி, ஒரு மருதாணி, ஒரு எலுமிச்சை, துணி காயப்போடும் கொடி, அவ்வளவுதான். அதற்குள்ளேயே கொண்டைக்குருவியும் தேன்சிட்டும் தையல்சிட்டும் வந்து குஞ்சு பொரித்துப் போகின்றன. பல வருடமாகப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அறியக் கூட்டுக்குள் பார்க்க வேண்டியதில்லை. வந்து போகும் பறவையின் அலகைப் பார்த்தாலே போதும்.

முதலில் ஓர் இடம் பிடியுங்கள். அடுக்களை ஜன்னல், மாடிப்படி வளைவு, எதுவானாலும் சரி. தினமும் அதே இடம், முடிந்தால் அதே நேரம். பறவைகள் நம்மைப் பழகிக்கொள்கின்றன. ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே என்று மாறி நின்றால் பழகாது. எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். கணக்கு எளிது. அலகில் தீனியோடு வந்த பறவை கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் நின்று கத்திக்கொண்டே இருந்தால், நீங்கள் நிற்கும் இடம் அதற்குப் பிடிக்கவில்லை. பின்னால் போங்கள். அது உள்ளே போகும்வரை பின்னால் போங்கள். மலிவான பைனாகுலர் ஒன்று இருந்தால் பத்தடி தள்ளி நிற்பதில் நட்டமில்லை.

இதில் காக்கை விஷயம் ஒன்று உண்டு. நாம் ஒரு செடியை அடிக்கடி விலக்கிப் பார்த்தால், மதில் மேல் இருக்கும் காக்கை அந்தச் செடியைக் கவனிக்க ஆரம்பிக்கும். வால்காக்கையும் செம்போத்தும் அப்படித்தான். கொண்டைக்குருவிக் கூட்டை மறைப்பது நாலு இலை. அந்த நாலு இலையையும் நாமே ஒதுக்கிக் காட்டிக் கொடுத்துவிட்டு, ‘பாவம், காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு’ என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

இனி அலகு. நார், வேர், காய்ந்த புல் என்று கொண்டுபோனால் கட்டுமானம் நடக்கிறது. இதைப் பார்க்கத் தேன்சிட்டை மிஞ்சியது கிடையாது. மஞ்சள் வயிறும் பளபளக்கும் ஊதா நிறமும் கொண்ட ஆணைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். வேலையெல்லாம் ஏறக்குறைய முழுவதும் அந்த மங்கல் நிறப் பெண்தான் செய்கிறது. கொடிக்கம்பியிலோ தாழ்வான கிளையிலோ சிலந்தி நூலைச் சுற்றிச் சுற்றித் தொங்கலாக ஆரம்பித்து, நாரை அதில் பின்னி, பை மாதிரி நீட்டி, பக்கவாட்டில் வாசல் வைத்து, வாசலுக்கு மேல் ஒரு சின்னத் தாழ்வாரமும் இறக்கிவிடும். வெளியே மரப்பட்டைத் துணுக்கு, சருகுத் துண்டு எல்லாம் ஒட்டிவிடுவதால், ஒட்டடையில் குப்பை சிக்கித் தொங்குவது போலத்தான் தெரியும். உள்ளே எருக்கம்பஞ்சு மெத்தை. கட்டி முடித்ததும் முட்டை வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பெண் உள்ளே போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வரும். ஒரு வாரம்கூட இப்படிப் போகும். கூட்டை விட்டுவிட்டது என்று நினைத்துக் கொடியைக் கழற்றிவிடாதீர்கள்.

அலகில் ஒன்றும் இல்லாமல் பறவை உள்ளே போய் நெடுநேரம் வெளியே வரவில்லை என்றால் அடைகாக்கிறது. தேன்சிட்டுக்கும் கொண்டைக்குருவிக்கும் இது சுமார் இரண்டு வாரம். பார்ப்பவருக்குச் சலிப்பான கட்டம். ஆனால் நாம் தள்ளி இருக்க வேண்டிய கட்டமும் இதுதான். சித்திரை வெயிலில் தாய் அரை மணி நேரம் விலகி இருந்தால் முட்டை சூடேறிப் போகலாம்.

பிறகு ஒரு நாள் அலகில் பொடிப்பூச்சி தெரியும். குஞ்சு பொரித்துவிட்டது. தேன் குடிக்கிற சிட்டும் பழம் தின்கிற கொண்டைக்குருவியும்கூடத் தங்கள் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும் புழுவும்தான் கொடுக்கின்றன. வளர்வதற்குப் புரதம் வேண்டும் அல்லவா? நாளாக ஆகப் பூச்சி பெரிதாகும். கொண்டைக்குருவி பழமும் கொண்டுவர ஆரம்பிக்கும். திரும்பும்போதும் பாருங்கள். அலகில் வெள்ளையாக ஒரு சின்ன உருண்டை இருக்கும். குஞ்சின் எச்சம், மெல்லிய உறைக்குள். அதைத் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரும். கூடு சுத்தமாக இருக்கும், வாடை பிடித்து எதிரியும் வராது. அந்த வெள்ளை உருண்டை வந்துகொண்டிருந்தால் உள்ளே எல்லாம் நலம்.

கடைசிக் கட்டத்தில் தாய் தீனியோடு வந்து, கூட்டுக்குப் போகாமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கூப்பிடும். இந்த முறை காரணம் நீங்கள் அல்ல. குஞ்சை வெளியே வரச் சொல்கிறது. அன்றைக்குப் பூனையைக் கட்டிப் போடுங்கள்.

கொண்டைக்குருவிக் குஞ்சு பொரித்த பன்னிரண்டு நாள் வாக்கில் வெளியேறிவிடும். அப்போது அதற்குச் சரியாகப் பறக்கத் தெரியாது. வால் குட்டையாக, செடிக்குச் செடி தத்திக்கொண்டு திரியும். இதை அநாதை என்று நினைத்து எடுத்துவருகிறவர்கள் ஏராளம். பக்கத்து வீட்டுப் பையன் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான்.

“மாமா, இதுக்கு அம்மா இல்ல. மரத்தடியில கிடந்துச்சு.”

“எந்த மரம்? வா, அங்கேயே விட்டுட்டு வருவோம்.”

“நான் தொட்டுட்டேனே, இனிமே அம்மா சேக்காதாமே?”

சேர்க்கும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கதை. செடியின் உள்கிளையில் குஞ்சை உட்கார வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றோம். அவனுக்குப் பொறுமை தீர்வதற்குள் தாய் வெட்டுக்கிளியோடு வந்துவிட்டது. இறகே முளைக்காத குஞ்சு விழுந்து கிடந்தால் மட்டும் எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். பால், சோறு, பிஸ்கட் வேண்டாம். ஃபில்லரில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கிச் செத்துப்போகும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எல்லாக் கூடும் தேறாது. ஓணான் முட்டையைக் குடிக்கும், அணில் கூட்டைக் கலைக்கும், சாரை வரும். தையல்சிட்டு இலையின் ஓரத்தில் துளையிட்டுப் பஞ்சும் சிலந்தி நூலும் கொண்டு தைத்த கூடு, ஒரு காற்றில் இலை கிழிந்து தரைக்கு வந்துவிடும். நான் தலையிடுவதில்லை. பாம்பைத் துரத்து என்று வீட்டில் சொல்வார்கள். பாம்புக்கும் வயிறு உண்டு. நாம் வளர்க்கும் பூனையும் நாம் அடிக்கும் பூச்சிமருந்தும்தான் நம் கணக்கில் சேரும். குஞ்சு வளரும் காலத்தில் செம்பருத்தியின் மாவுப்பூச்சிக்கு மருந்தடித்தால் அது நேரே குஞ்சின் வாய்க்குத்தான் போகிறது. ஒட்டடையையும் ஒரேயடியாக அடிக்க வேண்டாம். வெளித் தாழ்வாரத்தில் கொஞ்சம் விட்டுவைத்தால் தேன்சிட்டு வந்து எடுத்துக்கொள்ளும். ஆண் தேன்சிட்டு பைக் கண்ணாடியில் தன்னையே எதிரி என்று கொத்திக்கொண்டிருந்தால், ஒரு பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

வீட்டருகே உட்கார்ந்து பார்ப்பது பொழுதுபோக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு சாலிம் அலியைச் சொல்வேன். வேலையில்லாமல் இருந்த காலத்தில் மகாராஷ்டிரக் கடற்கரையில் கிஹிம் கிராமத்து வீட்டருகே தூக்கணாங்குருவிகளை நாள்கணக்கில் பார்த்துத்தான், ஆண் குருவி ஒரு கூட்டைப் பாதி கட்டும், பெண் வந்து பார்த்து ஏற்றபின் முடிக்கும், பிறகு வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கும் என்று 1931இல் எழுதினார். பெரும் பேர் பெற்ற ஆய்வு அது. அதற்கு வேண்டியிருந்தது ஒரு மறைவிடமும் பொறுமையும்தான்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் ‘வேட்டை’ என்ற விளக்கத்துக்குள் வருகிறது. ஆனால் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி மக்கள் 2020இல் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் செய்யவில்லை. தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது என்று, ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கைப் போடாமலே இருந்தார்கள்.

குஞ்சுகள் போன பிறகு எட்டிப் பாருங்கள், படம் எடுங்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டுங்கள். கூட்டை மட்டும் பிய்க்க வேண்டாம். தேன்சிட்டு சில சமயம் பழைய கூட்டுக்கே திரும்பி வரும். செம்பருத்தியைக் கவாத்து செய்வதாக இருந்தால், அது வரவில்லை என்று நிச்சயமான பிறகு செய்துகொள்ளுங்கள்.