பெரிய வெள்ளிக்கு ஏன் வாழ்த்துச் சொல்வதில்லை?

சென்ற மாத இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி மாட்டுப்பொங்கல் பற்றி நன்றாக எழுதியிருந்தான். அதைப் பார்த்துவிட்டு தமிழ் ஐயா என்னிடம், "உங்க பண்டிகை ஒண்ணைப் பற்றி நீ எழுதும்மா" என்றார். நான் கிறிஸ்துமஸ் எழுதுவேன் என்றுதான் எல்லாரும் நினைத்தீர்கள். கிறிஸ்துமஸ் உங்களுக்கே தெரியும், எங்க வீட்டு அச்சு முறுக்கு சாப்பிடாதவங்க இந்த வகுப்பில் யாருமில்லை. நான் எழுதப்போவது பெரிய வெள்ளி பற்றி. அது பண்டிகையே இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், என் பக்கத்தில் உட்காரும் தோழி ஒரு சாக்லேட்டைக் கையில் வைத்து "ஹேப்பி குட் ஃபிரைடே" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே "தேங்க்ஸ்" சொல்லி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் காட்டினேன். அப்பாயி கோபப்படவில்லை. "அந்தப் புள்ளைக்குத் தெரியாது. உனக்குத் தெரியணும்ல? சாவு வீட்டுல போயி யாராச்சும் வாழ்த்து சொல்லுவாங்களா ஆயி?" என்றது. எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. அவள் தப்பு செய்யவில்லை. ‘குட்’ என்று பேர் வைத்திருந்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். தப்பு என்னுடையது. பத்து வருஷமாகக் கோயிலுக்குப் போகிறேன், என்னவென்று விளக்கத் தெரியவில்லை. அதற்கப்புறம் கோயிலில் சாமியிடமும் உபதேசியாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘குட்’. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் ‘புனிதமான’ என்றும் ஒரு பொருள் இருந்ததாம். அதனால் நம் காலண்டரில் ‘புனித வெள்ளி’ என்று அச்சடிப்பதுதான் சரியான மொழிபெயர்ப்பு. ‘நல்ல வெள்ளி’ என்று சொன்னால் அர்த்தம் மாறிப்போகும். மலையாளத்தில் ‘துக்க வெள்ளி’ என்கிறார்கள். ஜெர்மன் மொழியிலும் புலம்பல் என்று பொருள்படும் பேர்தான். கிரேக்க மொழியில் ‘பெரிய வெள்ளி’, நம் ஊரில் சொல்கிற அதே பேர்! எனக்கு இந்தப் பேர்தான் பிடிக்கும்.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது? இயேசுவை சிலுவையில் அறைந்து கொன்ற நாள் அது. சுமார் கி.பி. 30 அல்லது 33 என்று அறிஞர்கள் கணக்குச் சொல்கிறார்கள். எருசலேம் நகரம் அப்போது ரோமானியர் கையில் இருந்தது. தண்டனை கொடுத்தவர் ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்து. இவர் கதையில் வருகிற ஆள் இல்லை. இவர் பேர் பொறித்த கல் ஒன்று இஸ்ரேலில் செசரியா என்ற இடத்தில் 1961-ல் தோண்டும்போது கிடைத்திருக்கிறது. வரலாறு டீச்சர் கல்வெட்டு பாடம் நடத்தும்போது எனக்கு இந்தக் கல்தான் ஞாபகம் வந்தது.

சிலுவை மரணம் என்பது அந்தக் காலத்தில் ரொம்பக் கேவலமான தண்டனை. அடிமைகளுக்கும் கலகம் செய்தவர்களுக்கும்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஊர் பார்க்கிற இடத்தில் தொங்கவிடுவார்கள், மற்றவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காக. நாம் இப்போது கழுத்தில் தங்கத்தில் சிலுவை போடுகிறோம், அன்றைக்கு யாரும் அப்படி நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். சிலுவைக்கு மேலே சின்னப் பலகையில் ‘ஐ.என்.ஆர்.ஐ.’ என்று நாலு எழுத்து இருக்குமே, அது என்ன என்று பலபேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ‘நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசன்’ என்பதன் லத்தீன் முதலெழுத்துகள். அதுதான் அவர்மேல் எழுதி ஒட்டிய குற்றம். எபிரேயம், லத்தீன், கிரேக்கம் என்று மூன்று மொழியிலும் எழுதி வைத்தார்களாம்.

யூதர்கள் கொன்றார்கள் என்று ஒரு பேச்சு ரொம்ப காலம் இருந்தது. அதனால் பல நாடுகளில் அந்த மக்கள் அடிபட்டிருக்கிறார்கள். பெரிய வெள்ளி செபத்திலேயே அவர்களைக் குறைவாகச் சொல்கிற ஒரு சொல் இருந்தது. போப் 23-ஆம் யோவான் 1959-ல் அதை எடுத்துவிட்டார். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு எல்லா யூதர்மேலும் பழி போடக்கூடாது என்று எழுதியே வைத்துவிட்டது. இயேசுவே யூதர்தான், அவர் அம்மாவும் யூதர்தான். இதை முதலில் கேட்டபோது நான் ஆச்சரியப்பட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூடவே இருந்த சீடர்கள் முக்கால்வாசிப் பேர் பயந்து ஓடிப்போனார்கள். சிலுவை அருகே நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். பையன்கள் இதைக் கவனிக்கவும்.

இனி கோயிலில் நடப்பது. எங்கள் கத்தோலிக்க முறையை மட்டும்தான் எனக்கு நேரில் தெரியும். சி.எஸ்.ஐ. கோயில்களில் மத்தியானம் 12 மணியிலிருந்து 3 மணி வரை ஆராதனை வைத்து, இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள்.

எங்கள் கோயிலில் அன்றைக்குப் பூசையே கிடையாது. வருஷத்தில் மற்ற நாளெல்லாம் பூசை வைக்கலாம், பெரிய வெள்ளியும் மறுநாள் சனிக்கிழமை பகலும் மட்டும் வைக்க மாட்டார்கள். பீடத்தில் துணி இருக்காது, மெழுகுதிரி இருக்காது, பூ இருக்காது. நற்கருணை மட்டும் கொடுப்பார்கள், அதுவும் முந்தின நாள் வியாழக்கிழமை பூசையில் எடுத்துவைத்தது. மூன்று மணி வாக்கில் சாமி சிவப்பு உடை போட்டுக்கொண்டு, பாட்டு இல்லாமல், பேச்சு இல்லாமல் வந்து பீடத்துக்கு முன்னால் வெறும் தரையில் குப்புற விழுந்து கிடப்பார். நீங்கள் கோயிலில் சாஷ்டாங்கமாக விழுவீர்களே, அதே மாதிரி. நாங்கள் எல்லாரும் முழங்காலில் இருப்போம். சின்னப்பிள்ளைகள்கூட அந்த நேரத்தில் சத்தம் போடாது. பிறகு யோவான் எழுதிய நற்செய்தியிலிருந்து பாடுகளின் வரலாறு வாசிப்பார்கள். நீளமாக இருக்கும், கால் வலிக்கும். அப்புறம் சிலுவையை முத்தி செய்ய வரிசையாகப் போவோம். முடிகிறபோது பாட்டு கிடையாது. எல்லாரும் பேசாமல் கலைந்து போவோம்.

காலையில் சிலுவைப்பாதை நடக்கும், 14 நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் நின்று செபிப்பார்கள். அதில் எல்லாமே பைபிளில் இருப்பது இல்லை. வெரோணிக்கா என்ற பெண் துணியால் முகம் துடைத்ததும், இயேசு மூன்று தடவை விழுந்ததும் மரபாக வந்தவை. சீமோன் என்பவர் சிலுவை தூக்க உதவினது பைபிளிலேயே இருக்கிறது. அவர் ஆப்பிரிக்காவில், இப்போது லிபியா இருக்கும் பக்கத்து ஊர்க்காரர். சும்மா வழியில் போனவரைப் பிடித்துத் தூக்க வைத்தார்கள். ராத்திரி இயேசுவின் சுரூபத்தைத் தூம்பாவில் வைத்துத் தெருவில் கொண்டுவருவார்கள். தூம்பா என்றால் சவப்பெட்டி, போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல். அப்பாயி மாதிரி பழைய ஆட்கள் மாதாவுக்காக ஒப்பாரியே வைப்பார்கள்.

எருசலேமில் இயேசுவை அடக்கம் செய்த இடம் என்று ஒரு பெரிய கோயில் இருக்கிறது. பல கிறிஸ்தவ சபைகள் சேர்ந்து வைத்திருக்கும் அந்தக் கோயிலின் சாவி பல நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது. இன்னொரு முஸ்லிம் குடும்பம்தான் கதவைத் திறந்துவிடும். நம் பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் இதை நம்பவே இல்லை, உண்மைதான் அண்ணா.

சாப்பாட்டுக்கும் சட்டம் உண்டு. 18 வயது முடிந்ததிலிருந்து 59 வயது முடியும் வரை ஒருசந்தி, அதாவது ஒருவேளைதான் முழுச்சாப்பாடு. கறி சாப்பிடாமல் இருப்பது 14 வயது முடிந்தவுடன் ஆரம்பம். எனக்கு கார்த்திகையில் 14 முடிந்தது. ஆகவே இந்த வருஷம்தான் எனக்குச் சட்டப்படி முதல் பெரிய வெள்ளி. (எங்க வீட்டில் நாலு வயதிலிருந்தே கஞ்சியும் துவையலும்தான், அது வேறு விஷயம்.)

இந்த நாள் ஏன் வருஷா வருஷம் மாறுகிறது என்று கணக்கு சார் கேட்டார். மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதற்கு முந்தின வெள்ளி இது. அதனால் மார்ச் 20-க்கு முன்னாலும் வராது, ஏப்ரல் 23-க்குப் பின்னாலும் வராது. பௌர்ணமியை வைத்துப் பார்ப்பதால்தான் பல வருஷம் பங்குனி உத்திரத்தை ஒட்டியே வருகிறது. 2022-ல் தமிழ்ப் புத்தாண்டும் பெரிய வியாழனும் ஒரே நாள், ஏப்ரல் 14. பக்கத்து வீட்டில் பாயசம் கொடுத்தார்கள், அம்மா வாங்கி மூடி வைத்தது ஞாபகம் இருக்கிறது.

இப்போது என் தாத்தா பற்றி. அவர் எங்கள் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தார். மணி அடிப்பது அவர் வேலை. பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடும்போது மணி அடித்து நிறுத்தினால், அப்புறம் சனிக்கிழமை ராத்திரி ஈஸ்டர் பூசையில் அதே பாட்டுக்குத்தான் மணி. நடுவில் ஜனங்களைக் கூப்பிட மணிக்குப் பதில் மரத்தால் செய்த ஒரு சாமான். பலகையில் கட்டை மோதி ‘கடகட’ என்று சத்தம் வரும். எங்க ஊரில் அதைக் ‘கட்டை’ என்றுதான் சொல்வோம். தாத்தா அதை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போவார். 2020-ல் கொரோனாவுக்குக் கோயில் எல்லாம் மூடியிருந்தபோது, ஏப்ரல் 10 பெரிய வெள்ளி அன்றைக்கு வாசலில் நின்று மூன்று மணிக்கு அடித்தார்.

போன ஆவணியில் தாத்தா இறந்துவிட்டார். அன்றைக்கு என் தோழி, அந்த சாக்லேட் கொடுத்தவள்தான், அவங்க அம்மாவோடு வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை, அவங்க வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லாமல் எழுந்து போனாள். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் எனக்குப் பெரிய வெள்ளி புரிந்தது என்று நினைக்கிறேன். கோயிலில் அன்றைக்குப் பூசை இல்லாததும், முந்தின நாள் வைத்ததை வாங்குவதும், சொல்லிக்கொள்ளாமல் போவதும் இதே மாதிரிதானே? இது புத்தகத்தில் இல்லை, நானாக நினைத்தது. சாமியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுது, தப்பில்லை" என்றார்.

பெரிய வெள்ளி வழிபாட்டில் பத்து மன்றாட்டுகள் உண்டு. எங்கள் சபைக்காக, யூத மக்களுக்காக, நாட்டை ஆள்கிறவர்களுக்காக, கஷ்டப்படுகிறவர்களுக்காக என்று போகும். அதில் ஒன்று கிறிஸ்துவை நம்பாதவர்களுக்காக, இன்னொன்று கடவுளையே நம்பாதவர்களுக்காக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் மௌனம். அந்த மௌனத்தில் நான் இந்த வகுப்பை வருகைப்பதிவேடு வரிசையில் நினைத்துக்கொள்வேன். பாதிதான் முடியும், அதற்குள் அடுத்த மன்றாட்டு வந்துவிடும். மீதிப் பேர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வருஷம் கட்டை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வழக்கமாகப் பையன்கள்தான் எடுப்பார்கள். அப்பா என் கையில் கொடுத்துவிட்டார். போன சனிக்கிழமை கொல்லையில் ஆட்டிப் பார்த்தேன், தாத்தா எப்படி அவ்வளவு நேரம் ஆட்டினார் என்று தெரியவில்லை, மணிக்கட்டு வலிக்கிறது. பெரிய வெள்ளி அன்றைக்கு மத்தியானம் இரண்டரை மணிக்குத் தெருவில் ‘கடகட’ என்று கேட்டால் வெளியே வந்து பாருங்கள், நான்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், பேச மாட்டேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி