ஆபீஸ் லேப்டாப், வீட்டு வைஃபை

பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஐடி பிள்ளைகள் புது ஆபீஸ் லேப்டாப் வந்ததும் கேட்பது இதுதான்: "விபிஎன் கனெக்ட் ஆயிடுச்சுண்ணே, ஆனா உள்ள ஒண்ணும் ஓப்பன் ஆக மாட்டேங்குது."

முதலில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதிலும் திறக்கவில்லையென்றால் ஹெல்ப் டெஸ்க்கில் டிக்கெட் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். திறந்தால் கோளாறு வீட்டு இணைப்பில்.

அங்கே அடிக்கடி மாட்டுவது முகவரி மோதல். பல ரவுட்டர்கள் 192.168.1.1 என்ற முகவரியோடுதான் வருகின்றன. ஆபீஸ் சர்வரும் அதே 192.168.1 வரிசையில் இருந்தால், லேப்டாப் அதை விபிஎன் வழியே தேடாமல் உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடும். பழைய கதவு நம்பர், புதுக் கதவு நம்பர் குழப்பத்தில் கூரியர்காரர் வேறு வாசலில் நிற்பது மாதிரி. போனில் வீட்டு வைஃபை விவரத்தைத் திறந்தால் 'கேட்வே' (ஐபோனில் 'ரவுட்டர்') என்று இருக்கும்; அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி. சர்வர் முகவரியை ஹெல்ப் டெஸ்க்கில் கேளுங்கள். இரண்டிலும் முதல் மூன்று எண்களும் ஒத்துப்போனால் ஆள் அகப்பட்டான்.

ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் 'லேன்' பகுதிக்குப் போய் 192.168.77.1 என்று மாற்றுங்கள். பலர் கோட்டை விடுவது அடுத்ததில்: டிஹெச்சிபி வரம்பும் (ரவுட்டர் மற்ற கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரிகள்) 77க்கு மாறியதா என்று பார்க்க வேண்டும். மாறவில்லையென்றால் வீட்டில் யாருக்கும் நெட் வராது. இனி அட்மின் பக்கமும் புது முகவரியில்தான் திறக்கும்; மார்க்கரால் ரவுட்டரின் அடியில் எழுதிவையுங்கள். 10இல் தொடங்கும் முகவரி வேண்டவே வேண்டாம், கம்பெனிகள் பெரும்பாலும் அதில்தான் குடியிருக்கும். அட்மின் பாஸ்வேர்ட் தெரியாதா? நெட் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள், கண்டபடி ரீசெட் பட்டனை அமுக்காதீர்கள்.

வீட்டு ஓனர் கொடுத்த வைஃபை என்றால் அவர் ரவுட்டரில் கை வைக்காதீர்கள். அவரைக் கேட்டு அதிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, உங்கள் சொந்த ரவுட்டரின் 'வேன்' துளையில் செருகி, அதில் 77 வையுங்கள். வேலை முடிந்தது.

மற்றவை சில்லறை. லேப்டாப்பும் ரவுட்டரும் ஒரே அறையில் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. ஆபீஸ் பாஸ்வேர்டை விபிஎன் இணைந்திருக்கும்போதே மாற்றுங்கள். இல்லையென்றால் லேப்டாப் பழையதையே கேட்டு உயிரை வாங்கும். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் யூடியூப் யோசனை எதுவும் வேண்டாம்.

மின்வாரியம் பராமரிப்புக்காக கரண்ட்டை நிறுத்தும் நாளில் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் ஓடாது. அதற்கு ஒரு மினி யுபிஎஸ் போதும். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பெரும்பாலும் 12, சிலவற்றில் 9.