பேரனின் ‘ஸ்பிரிங் டெர்ம்’

கேள்வி: லண்டனில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பேரன், “ஸ்பிரிங் டெர்ம் ரொம்பக் கஷ்டம் பாட்டி” என்கிறான். அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பேரன் சொல்வது நிஜம்தான் அம்மா. ஜனவரியில் தொடங்கி ஈஸ்டர் வரை ஓடும் பருவம் இது. பெயர்தான் வசந்தம், பாதிக்கு மேல் குளிர்! அங்கே ஆறாம் வகுப்போடு தொடக்கப்பள்ளி முடிகிறது. மே மாதம் ‘சாட்ஸ்’ தேர்வு என்பதால் கணக்கு, வாசிப்பு, இலக்கணம் மூன்றையும் இப்போது முடுக்கிவிடுவார்கள். பின்னம், சதவீதம், விகிதம், கொஞ்சம் இயற்கணிதம். நாலு பேருக்கான சமையல் அளவை ஆறு பேருக்கு மாற்றச் சொல்வார்கள். கால்குலேட்டர் கிடையாது, எண்கணிதத் தாளுக்கு 30 நிமிடம், 40 மதிப்பெண். நீள் வகுத்தலும் கையால்தான்.

அறிவியலில் பரிணாமம், ஒளி, ரத்த ஓட்டம் உண்டு. எது எந்தப் பருவத்தில் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். பத்து வயதில் டார்வினைத் தொட்டுவிடுவது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் சாட்ஸில் அறிவியல் தாள் இல்லை. அதனால் பல இடங்களில் கணக்கு அதன் நேரத்தையும் விழுங்கிவிடுகிறது.

அரசு மேல்நிலைப் பள்ளி இடம் மார்ச் 1 வாக்கிலேயே தெரிந்துவிடும். சாட்ஸ் மதிப்பெண் அதை மாற்றாது. இதைப் பேரனிடம் சொல்லுங்கள்.