இரண்டு வண்டா, ஒரே வண்டா?

தென்னை வளர்ப்பவர்களுக்குச் சிவப்புக் கூன்வண்டைத் தெரியும். மரத்தில் காயம் இருந்தால் அதில் முட்டை இடும். புழு உள்ளே குடைந்து தின்னும். வெளியே மரம் பச்சையாகவே நிற்கும். குருத்து சாய்ந்துவிட்டால் மரத்தைக் காப்பாற்ற முடியாது.

நம் நாட்டு வண்டு ஆரஞ்சு நிறம். முதுகில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். இந்தோனேசியா, மலேசியாப் பக்கம் இன்னொரு வண்டு உண்டு. அது கறுப்பு. முதுகில் சிவப்புக் கோடு இருக்கும். இரண்டும் ஒரே இனமா? நிறம்தான் வேறு, இனம் ஒன்றே என்று 2004-ல் சில அறிஞர்கள் எழுதினார்கள்.

2010-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பனைவகை மரத்தில் கூன்வண்டு அகப்பட்டது. முதுகில் சிவப்புக் கோடு! அது எங்கிருந்து வந்தது?

பதில் மரபணுவில் இருந்தது. மரபணு என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் எழுத்து. தமிழுக்கு 247 எழுத்துகள். மரபணுவுக்கு நான்கே எழுத்துகள்.

ஒரு பாட்டைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார். ஓர் எழுத்து பிழையாகிறது. அவருடைய நோட்டைப் பார்த்து எழுதுபவருக்கும் அதே பிழை வரும். பிழையைப் பார்த்தே யார் நோட்டிலிருந்து யார் எழுதினார் என்று சொல்லிவிடலாம். மரபணுவிலும் தலைமுறை தலைமுறையாக இப்படி மாற்றங்கள் சேருகின்றன.

கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர்கள் பல நாட்டு வண்டுகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். 2013-ல் முடிவு வந்தது. இரண்டும் ஒரே மூதாதையின் வழி வந்தவை. ஆனால் பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இன்று அவை இரு வேறு இனங்கள். கலிபோர்னியா வண்டு இந்தோனேசியாவின் பாலித் தீவு வண்டோடு ஒத்திருந்தது.

இதனால் என்ன பயன்? வந்த வழி தெரிந்தால் அந்த வழியைக் காக்கலாம். ஆரஞ்சு வண்டு 1980-களில் வளைகுடா நாடுகளுக்குப் போனது. அங்கே பேரீச்ச மரங்களை அழித்தது. இந்த வண்டு தொலைதூரம் போவது பெரும்பாலும் கன்றுகளோடுதான். கலிபோர்னியாவில் பொறி வைத்து, கண்காணித்தார்கள். அங்கே வண்டு ஒழிந்தது என்று 2015-ல் அறிவித்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது:
மரத்தைக் காயப்படுத்தக் கூடாது.
பச்சை மட்டையை ஒட்ட வெட்டக் கூடாது. ஒரு மீட்டராவது விட்டு வெட்ட வேண்டும்.
தண்டில் ஓட்டையும் பழுப்புச் சாறும் தெரிந்தால் உடனே வேளாண்மை அலுவலரிடம் சொல்ல வேண்டும்.
சோதிக்காத கன்றை வெளியூரிலிருந்து கொண்டுவரக் கூடாது.

பேசிப் பாருங்கள்:
1. நிறத்தை மட்டும் பார்த்து இனத்தை முடிவு செய்யலாமா?
2. உங்கள் ஊருக்குத் தென்னங்கன்றுகள் எங்கிருந்து வருகின்றன?